கலயம் கேட்டோம், கொதிகலன் கேக்கலை

போன வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. தோப்பில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்ததும் செல்போனில் ஒரு படம் காட்டினான்.

"மாமா, ஆளுயரத்துக்கு ஒரு செம்புக் குழாய். மேல கள்ளை ஊத்திட்டே இருக்கணும், அடியில நீராவி. ஒரு பக்கம் சாராயம் வந்துட்டே இருக்கும், கீழ கழிவு போயிட்டே இருக்கும். கள்ளு வேணும்னு கேக்கறீங்கல்ல, வீட்டுக்கு ஒண்ணு இதையும் சேத்துக் கேளுங்க."

அவன் மட்டுமில்லைங்க. பட்டணத்திலிருந்து வருகிற பல பேர் கள்ளையும் சாராயத்தையும் ஒண்ணாக்கித்தான் பேசறாங்க.

கள்ளு காய்ச்சற சரக்கே இல்லை. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடியும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் தெளுவு. தடவாவிட்டால் தானாகப் புளித்துக் கள்ளு. நெருப்பு வேண்டாம், குழாய் வேண்டாம். நூத்துக்கு 5, 6 பங்குதான் போதைச் சத்து. டாஸ்மாக் பிராந்தியில் 42.8. அதை அரசாங்கமே விற்கிறது. 1987 முதல் என் மரத்தில் நான் கள்ளு இறக்கினால் கேஸ். பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காட்டுக்குள் போனால் அதே தென்னை, அதே பாளை, அங்கே கள்ளுக்கடைக்கு லைசென்ஸ். இது என்ன நியாயம் என்பதுதான் எங்க கேள்வி.

மாப்பிள்ளை காட்டின குழாய் புதுசில்லை. 1830லேயே அயர்லாந்தில் ஏனியஸ் காஃபி பேடன்ட் வாங்கினார். அவர் கலால் துறையில் அதிகாரியாக இருந்தவர்! ஆலைக்கு அது சரி. சட்டியில் வடிச்சா முதலில் வருகிற கெட்டதைத் தனியாப் பிடிச்சுக் கொட்டிடலாம். ஓடிட்டே இருக்கிற குழாயில் முதல் ஏது, கடைசி ஏது? அதைப் பிரிக்கத் தனி வழி வைக்கணும். சூடும், ஊத்தற அளவும் மாறாம நிக்கணும். மூட்டு ஒழுகி ஆவி தீப்பிடிச்சா வீடே போயிடும். ஈயத்தால் பத்த வெச்சா அது வயித்துக்குள்ள இறங்கும்.

"கள்ளக்குறிச்சியில் செத்தது மெத்தனாலால மாமா, காய்ச்சினதால இல்லை" என்றான். வாஸ்தவம். 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் போனது தொழிற்சாலை மெத்தனால் கலந்ததால்தான். ஆனா சாராயமும் தண்ணி நிறம், மெத்தனாலும் தண்ணி நிறம். வீட்டுக்கு வீடு வடிச்சு, மிச்சம் கைமாற ஆரம்பிச்சா, எவன் எதை ஊத்தினான்னு குடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எங்க சித்தப்பாவுக்கு ஒரே ராத்திரியில் கண்ணு போனது அப்படி வாங்கிக் குடிச்சுத்தான். சாகிற வரைக்கும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தோப்புக்கு வந்தார்.

கள்ளிலும் கலப்படம் பண்ணறவன் உண்டு, மறுக்கலை. ஆனா கள்ளு நாள் கணக்கில் நிக்காது. அன்னைக்கே புளிச்சுக் காடியாகிப்போகும். மரத்தடியில் வாங்கினால் எந்த மரம், எந்தக் கலயம், யார் இறக்கினதுன்னு தெரியும். அப்படி விக்க விடுங்க, கலப்படம் பண்ணினவனை உள்ள போடுங்கன்னுதான் சொல்றோம்.

எங்க பேச்சில் சாராயத்தைச் சேக்காதீங்க. "பாத்தீங்களா, இவங்களுக்கு வேண்டியது இதுதான்"னு சொல்லித் தடையை இன்னும் 40 வருஷம் இழுப்பாங்க. அதுக்குள்ள மரம் ஏறத் தெரிஞ்ச கடைசி ஆளும் போய்ச் சேந்துருவார்.