பெரியப்பாவின் காமிரா

என் பெரியப்பாவுக்குப் பிராயம் 78. ஏரும் மண்வெட்டியும் பிடித்துப் பருத்த கைகள். சென்ற தீபாவளிக்குச் சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஒரு விசையைத் தொட்டால் இரண்டு அழுந்தின. படங்களில் பேரக் குழந்தைகளைக் காட்டிலும் அவர் விரலே அதிகம் விழுந்தது. “எனக்கு வயதாகிவிட்டதப்பா” என்று அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். குற்றம் வயதினுடையதன்று, எங்கள் தேர்வினுடையது.

1975-ல் அமெரிக்க எஞ்சினீயர் ஸ்டீவன் சாஸன் செய்த ஆதி டிஜிட்டல் காமிராவின் எடை சுமார் மூன்றரைக் கிலோ. பிற்பாடு அதைச் சிறிதாக்குவதே பெருமையாயிற்று. மனிதன் கை சிறிதாகவில்லையே!

ஆகவே, நேயர்களே, வலப்புறம் புடைத்த பிடியும் இடைவெளி விட்ட விசைகளும் உள்ளதைத் தேடுங்கள். வெயிலில் திரை மங்கும். கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இருந்தால் சௌகரியம். ஒளியையும் தூரத்தையும் காமிராவே கணித்துக்கொள்ளும்படி அமைத்துக் கொடுங்கள். தபால் தலையளவு நினைவு அட்டையைக் கழற்றும் வேலையைச் சிறுவர்களிடம் விடுங்கள். யாவற்றினும் முக்கியம், பெரியவரையே கடைக்கு அழைத்துச் சென்று கையில் பிடித்துப் பார்க்கச் செய்வது.

இம்முறை பெரியப்பா தாமே தேர்ந்தெடுத்தார். கடைக்காரர், “அது பழைய மாதிரி” என்றார். பெரியப்பா, “நானுந்தான்” என்றார். பொங்கலன்று எடுத்த முதற்படம் பெரியம்மாவின் சிரித்த முகம். அதில் விரல் விழவில்லை.