நனைந்தால் தெரியும் ரகசியம்!



அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு சாம்பல் நிறக் கல் கிடக்கிறது. பார்ப்பதற்கு மற்ற கூழாங்கற்கள் போலத்தான் இருக்கும். தண்ணீரில் நனைத்தால்... தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்கள் பளிச்செனத் தெரியும்!

இதன் பெயர் பெடோஸ்கி கல். 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அந்தப் பகுதி வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அதில் வாழ்ந்த பவள உயிரிகளின் புதைபடிவம்தான் இது. ஒவ்வொரு கட்டமும் ஓர் உயிரியின் வீடு. நடுவில் உள்ள கரும்புள்ளி, அதன் வாய் இருந்த இடம். அந்தப் புள்ளியைச் சுற்றி மெல்லிய கோடுகள் விரியும். கட்டம், புள்ளி, கோடு... இந்த மூன்றையும் வைத்துப் பழங்காலப் பவளம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

1965-ல் இது மிச்சிகன் மாநிலத்தின் கல்லாக அறிவிக்கப்பட்டது. அங்கே அரசு நிலங்களில் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 11 கிலோ கற்கள்தான் எடுக்கலாம். 2015-ல் ஒருவர் ஏரியிலிருந்து 42 கிலோ எடையுள்ள பெடோஸ்கி கல்லை எடுத்துச் சென்றார். அரசு அதைப் பறிமுதல் செய்து, டெட்ராய்ட் நகரில் மக்கள் பார்வைக்கு வைத்தது.

'கண்டெடுத்தவருக்குத்தானே சொந்தம்?' என்று கேட்கிறீர்களா? அவர் வீட்டு அலமாரியில் இருந்தால் அவர் மட்டும்தான் ரசிப்பார். பொது இடத்தில் இருந்தால், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருந்த கல் எல்லோருக்கும் சொந்தம்தானே!

நீங்களும் வித்தியாசமான கல்லைப் பார்த்தால் நனைத்துப் பாருங்கள். அது இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சரியா?

அன்புடன்,
ஆசிரியர்