ஜனங்களிடம் பாடம் கேட்ட கலைஞர்

ஜூன் 8 ஹபீப் தன்வீரின் நினைவு நாள். மோனிகா மிஸ்ராவுடன் சேர்ந்து 1959ல் தொடங்கிய ‘நயா தியேட்டர்’ குழுவை ஐம்பதாண்டுக் காலம் நடத்திவிட்டு, 2009ல் இதே நாளில் போபாலில் அவர் விடைபெற்றார். அந்த மக்கள் கலைஞருக்கு நமது செவ்வணக்கம்!

1923ல் ராய்ப்பூரில் பிறந்த அவர், 1940களில் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் பணியாற்றினார். லண்டனில் நாடகம் பயின்றார். பெர்லினில் பிரெக்டின் நாடகங்களைக் கண்டார். 1958ல் ஊர் திரும்பியவர், இரவெல்லாம் கண்விழித்து ‘நாச்சா’ என்னும் சத்தீஸ்கர் கிராமக் கூத்தைப் பார்த்தார். அந்தக் கூத்தாடிகளில் ஆறு பேரை டெல்லிக்கு அழைத்து வந்தார். அவர்கள் கல்லூரி வாசலை மிதித்தவர்களல்ல, கிராமத்து ஏழைகள்.

ஆனால் கிராமத்தில் சிங்கமாக நின்றவர்கள் டெல்லி மேடையில் வாயடைத்துப் போனார்கள். ஏன்? ‘பாமரர்கள், இவர்களுக்கு நடிப்பு வராது’ என்று சொல்லியிருப்பார்கள் மேட்டுக்குடிக் கலா ரசிகர்கள். தன்வீர் அப்படிச் சொல்லவில்லை. தவறு தம்முடையது என்று கண்டார். தாய்மொழியான சத்தீஸ்கரியை விட்டு இந்தியில் பேசச் சொன்னது ஒரு தவறு. மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் ஜனங்களைப் பார்த்து ஆடிப் பழகியவர்களை, இங்கே நில், அங்கே திரும்பு என்று கட்டிப் போட்டது இன்னொரு தவறு. இதை உணர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. உணர்ந்ததும் இரண்டு தளைகளையும் அறுத்தெறிந்தார்.

1975ல் ‘சரண்தாஸ் சோர்’ பிறந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற உயிரையே விடும் ஒரு திருடனின் கதை அது. திருடன் சத்தியம் தவறவில்லை. சிம்மாசனத்தில் இருப்பவர்களால்தான் சத்தியத்தைத் தாங்க முடியவில்லை! கிராமத்துக் கலைஞர்கள் நடித்த இந்நாடகம் 1982ல் எடின்பரோ நாடக விழாவில் பரிசு வென்றது. அதே மண்ணின் மொழி, அதே மனிதர்கள்!

உழைப்பாளிகள் தம் குரலில் பேசினால் பிற்போக்காளர்கள் சும்மா இருப்பார்களா? தீண்டாமையையும் புரோகிதப் புரட்டையும் எள்ளி நகையாடும் ‘பொங்கா பண்டிட்’ நாடகத்தை, 2003ல் மத்தியப் பிரதேசத்தில் இந்துத்துவக் கும்பல்கள் ரகளை செய்து நிறுத்தப் பார்த்தன. முஸ்லிம் ஒருவர் இந்து மதத்தை இழிவு செய்கிறார் என்று தூற்றின. உண்மை என்ன? அந்த நாடகம் தன்வீர் எழுதியதல்ல. கிராமத்துக் கலைஞர்களே உருவாக்கி, பல பத்தாண்டுகளாக ஆடி வந்தது. எண்பது வயதிலும் அவர் பின்வாங்கவில்லை. அவர் மறைந்த அதே 2009ல் ‘சரண்தாஸ் சோர்’ நூலுக்குச் சத்தீஸ்கர் அரசு தடை விதித்தது. உயிரற்ற புத்தகத்தைக் கண்டுகூட எத்தனை அச்சம்!

தோழர்களே! மாலை போட்டுப் படத்தைச் சுவரில் மாட்டுவது மட்டும் அஞ்சலியாகிவிடாது. ஜனங்களுக்குக் கற்பிக்கப் போகிறவன் முதலில் ஜனங்களிடம் கற்க வேண்டும். தன் வழி தவறினால் அதை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். இது நாடகக்காரர்களுக்கு மட்டும் உரிய பாடமல்ல. சங்கம் கட்டுகிற நமக்கும் உரியது. வயலிலும் ஆலையிலும் பாட்டும் கூத்தும் அறிந்தோர் ஆயிரம் உண்டு. அவர்களை மேடையேற்றுவோம், அவர்கள் மொழியிலேயே பேசச் செய்வோம். கலைஞனின் வாயை அடைக்க வருவோரை ஒன்றுபட்டு எதிர்த்து நிற்போம்.

ஹபீப் தன்வீர் புகழ் ஓங்குக!