பீதி வரும் இரவுகளில்

நள்ளிரவில் திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உயிர் போய்விடும் போலத் தோன்றுகிறது. ஈ.சி.ஜி.யில் கோளாறு எதுவும் இல்லை. உடனே "ஈமான் போதவில்லை" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவருக்குப் பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியைச் சேர்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ (மறைவு: 934) இதை வேறு விதமாகப் பார்த்தார். உடலைப் போலவே மனதுக்கும் நோய் வரும் என்று எழுதிய அவர், அச்சத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார். அவசரத்துக்கு மருந்தை வீட்டில் வைத்திருப்பது போல, மனம் அமைதியாக இருக்கும்போதே தெம்பூட்டும் எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவரது யோசனை.

குர்ஆன் (13:28) மன அமைதியை இறை நினைவோடு இணைத்துப் பேசுகிறது. அந்த திக்ரு பயன்படுவதும் இப்படித்தான். தினமும் பஜ்ர் தொழுகைக்குப் பின் நிதானமாக ஓதிப் பழகிய நாவுக்கு, பீதி வரும் இரவில் அது தானாக வரும். ஓதும் நிதானத்தில் மூச்சும் மெல்லச் சீராகும்.

பீதி திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்கக் கூடாது. நோய்க்குச் சிகிச்சை தேடச் சொன்னவர் நபிகள் நாயகம். துஆ கேட்ட கையால் மாத்திரையை எடுத்துக்கொள்வது ஈமானுக்கு இழுக்கல்ல.