மாத்திரை இலவசம்... அதை வாங்கப் போற நாள்?



"இலவசம் கொடுத்தே மக்களைக் கெடுக்குறாங்க." டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் நாம தினமும் கேட்கிற வசனம் இது. 2022 ஜூலையில் பிரதமரே 'ரேவ்டி' கலாச்சாரம் என்று மேடையில் பேசினார். நாம பதிலுக்கு மீம் போடுறோம். போடலாம், தப்பில்லை. ஆனா இன்னைக்கு மீம் வேண்டாம். நம்ம பெரம்பலூர், அரியலூர் மண்ணை வச்சே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேப்பூர் பக்கம் ஒரு அம்மாவை நினைச்சுக்குங்க. ஐம்பது வயசுக்கு மேல. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் களை எடுக்கப் போற கூலி வேலை. பி.பி. இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரைக்கு ஒரு பைசா கிடையாது. அப்ப செலவே இல்லைன்னு தானே தோணுது?

இல்லைங்க. மாத்திரை வாங்கப் போற அன்னைக்கு வேலைக்குப் போக முடியாது. அரை நாள் வரிசை, அரை நாள் பஸ். அன்னைக்குக் கூலி போச்சு. மாத்திரை இலவசம்தான், ஆனா மாத்திரை வாங்கப் போற நாள் இலவசம் இல்லை. பி.பி. வலிக்கிற நோயும் இல்லை. வலிக்காத நோய்க்காக ஒரு நாள் கூலியை யார் விடுவாங்க? "அடுத்த வாரம் போய்க்கலாம்" என்று தள்ளிப் போடுறாங்க. ஒரு நாள் பக்கவாதம் வந்து விழுறப்ப, அந்த வீடே சேர்ந்து விழுது. ஆம்புலன்ஸ் திருச்சிக்கு ஓடுது, பின்னாடியே நகை அடகுக் கடைக்குப் போகுது.

அந்த அம்மாவை அலட்சியம்னு திட்டாதீங்க. அவங்க கணக்குத் தெரியாதவங்க இல்லை. அவங்க கையில இருக்கிற காசுக்கு அந்தக் கணக்குத்தான் வரும். அந்தக் கணக்கை மாத்த வேண்டியது அரசாங்கம்.

இது என் கற்பனை இல்லை. மருத்துவப் பொருளாதாரம்னு ஒரு துறையே இதைத்தான் ஆராயுது. அமெரிக்காவில் 1970-களில் ராண்ட் நிறுவனம் பெரிய பரிசோதனை ஒன்றைத் தொடங்கியது. சில குடும்பங்களுக்கு முழு இலவச மருத்துவம், சில குடும்பங்கள் செலவில் ஒரு பங்கைத் தாங்களே கட்டணும். கட்டணும்னு சொன்னதும் மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போறதைக் குறைச்சாங்க. ஆனா எப்படிக் குறைச்சாங்க தெரியுமா? தேவையில்லாத சிகிச்சையை மட்டும் இல்லை, தேவையான சிகிச்சையையும் சேர்த்தே விட்டாங்க. எல்லாருக்கும் அதனால உடம்பு கெட்டுப் போகலை, உண்மைதான். ஆனா வருமானம் குறைவா இருந்து பி.பி.யும் இருந்தவங்களுக்கு, இலவசமா சிகிச்சை கிடைச்ச இடத்துலதான் பி.பி. நல்லா கட்டுப்பட்டது. அதாவது நம்ம வேப்பூர் அம்மா மாதிரி ஆளுங்களுக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மருத்துவம் என்ற நோக்கத்தில் மூன்று வட்டாரங்களில் முன்னோடித் திட்டம் ஒன்று நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை, மூன்றாவது நம்ம பெரம்பலூர் மாவட்டம் வேப்பூர். அது நம்ம ஆட்சிக் காலம் இல்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை, நல்லது யார் செஞ்சாலும் நல்லதுதான். செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. பூட்டியே கிடந்த துணை சுகாதார நிலையத்துக்குக் கூடுதலா ஒரு செவிலியர், தேவையான மாத்திரை, அடிப்படைப் பரிசோதனை. அவ்வளவுதான். சூளகிரி, விராலிமலை கிராமங்களைப் பார்த்த சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் சொன்னது: தனியார் கிளினிக்குக்குப் போய்க்கிட்டிருந்த மக்கள் துணை சுகாதார நிலையத்துக்குத் திரும்பினாங்க, கைக்காசு செலவும் பெரிய அளவில் குறைஞ்சது. புது கட்டடம் இல்லை, பெரிய மிஷின் இல்லை. கிட்டத்துல ஆள் இருந்தாங்க, மாத்திரை இருந்தது. மக்கள் வந்தாங்க.

இன்னொரு ஆய்வு கோவையில். சர்க்கரை உள்ளவங்க தினமும் இத்தனை அடி நடந்தா மொபைல் ரீசார்ஜ் உண்டுன்னு சொல்லிப் பார்த்தாங்க. தொகை சின்னதுதான். நடை கூடுச்சு. "ஜனங்களைத் திருத்த முடியாது" என்று உதட்டைப் பிதுக்குறவங்களுக்கு இதுதான் பதில். வழியைச் சுலபமாக்கினா மக்கள் மாறுவாங்க.

இந்தப் பின்னணியில நம்ம திட்டங்களைப் பாருங்க. 2009 ஜூலையில் தலைவர் கலைஞர் உயிர் காக்கும் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். ஏழைக் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை. 2012-ல் பெயர் மாறியது, திட்டம் நிக்கலை. நிறுத்த முடியாத அளவுக்கு மக்கள் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு 5 லட்சம் வரை.

ஆனா காப்பீட்டு அட்டை வேலை செய்யிறது பெட்ல படுத்த பிறகுதான். மாசாமாசம் மெடிக்கல் ஷாப்புல கொடுக்கிற காசுக்கு அது வராது. இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகுற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 2013-14-ல் 64 ரூபாய் மக்கள் கையிலிருந்து போச்சு. 2021-22-ல் அது 39 ரூபாய். குறைஞ்சது நல்லது. ஆனா அந்த 39-ல் பெரிய பங்கு மருந்துக்குத்தான் போகுது. பைக்குக்கு ஆயில் மாத்தாம ஓட்டிட்டு, இன்ஜின் சீஸ் ஆனதும் இன்ஷூரன்ஸைத் தேடினா எப்படி?

அதனாலதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தளபதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார். அதுக்கு முந்தைய வருஷம் எடுத்த தமிழ்நாட்டு ஆய்வில் பி.பி. உள்ளவங்களில் அதைக் கட்டுக்குள் வச்சிருந்தவங்க 100-க்கு ஏறத்தாழ 7 பேர்தான். சர்க்கரையில் ஏறத்தாழ 11 பேர். மிச்சம் பேர் எல்லாம் வேப்பூர் அம்மா நிலைமைதான். இப்ப சுய உதவிக் குழுவிலிருந்து வந்த மகளிர் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க. கூலி போகலை, வரிசை இல்லை. டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் இல்லாததையும் இதோட சேர்த்துப் பாருங்க, டாக்டரைப் பார்க்கப் போற செலவும் குறையுது. 2024 செப்டம்பரில் ஐ.நா. அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்கு வந்தது. இதைத்தான் அவங்க இலவசம்னு சொல்றாங்க. நாம முதலீடுன்னு சொல்றோம். திராவிட மாடல்னா இதுதான்.

சென்னை-திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாப் போறது உங்களுக்குத் தெரியும். அந்த ரோட்டில் அடிபடுறவர் எந்த மாநிலம், எந்தக் கட்சின்னு பார்க்காம முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. "அட்வான்ஸ் கட்டுங்க" என்ற வார்த்தைக்குப் பயந்து ஒரு உயிர் போகக் கூடாது.

எல்லாம் முடிஞ்சிடுச்சான்னா, இல்லை. அரியலூருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. டாக்டர் கனவோட போன நம்ம குழுமூர் தங்கச்சி அனிதா பெயரில் அங்கே அரங்கம் இருக்கு. பெரம்பலூருக்கு இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. மாநில அரசு கேட்டுக்கிட்டே இருக்கு, ஒன்றிய அரசின் அனுமதி வரணும். அது வர்ற வரைக்கும் நம்ம குரல் அடங்கக் கூடாது. 2007-ல் அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமா மீட்டுக் கொடுத்தது கலைஞர் ஆட்சி. கேட்டாக் கிடைக்கும்னு நம்ம பகுதிக்குத் தெரியும்.

இப்ப உங்ககிட்ட ஒரு வேலை. ஷேர் பண்றதோட நிறுத்தாதீங்க.

உங்க தெருவில் 30 வயசு தாண்டின எத்தனை பேர் ஒரு தடவையாவது பி.பி. பார்த்திருக்காங்கன்னு கேளுங்க. உங்க அப்பா, அம்மாவிலிருந்து ஆரம்பிங்க. மாத்திரையை நிறுத்தினவங்க இருந்தா ஏன் நிறுத்தினாங்கன்னு கேளுங்க, திட்டாதீங்க. தன்னார்வலர் வராத தெரு இருந்தா வெளிப்படையாச் சொல்லுங்க. 104-க்கு போன் பண்ணுங்க, கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்க. குறையைச் சொல்றது கட்சிக்குத் துரோகம் இல்லை. வராத தெருவை வந்ததாகச் சொல்றதுதான் துரோகம். காப்பீட்டு அட்டை இல்லாத வீட்டுக்காரங்களைக் கையோட கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க.

அடுத்த தடவை டீக்கடையில் யாராவது "எல்லாம் இலவசம்" என்று ஆரம்பிச்சா, கோபப்படாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, உங்க அம்மாவுக்குக் கடைசியா எப்ப பி.பி. பார்த்தீங்க?"

#மக்களைத்தேடிமருத்துவம் #பெரம்பலூருக்குமருத்துவக்கல்லூரி #திராவிடமாடல்