ஆண் பிள்ளை அழக்கூடாதா?

"ஆண் பிள்ளை அழலாமா?"

ஐந்து வயதிலேயே இந்தச் சொல் பையனின் காதில் விழுந்துவிடுகிறது. அன்று அடக்கிய அழுகையை அவன் ஐம்பது வயதிலும் அடக்கிக்கொண்டே இருக்கிறான். கடன் வந்தாலும் சொல்வதில்லை. தூக்கம் போனாலும் சொல்வதில்லை.

இதன் விளைவு என்ன?

2022-ம் ஆண்டில் இந்தியாவில் 1 லட்சத்து 70 ஆயிரத்து 924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 1 லட்சத்து 22 ஆயிரத்து 724 பேர் ஆண்கள். அதாவது, பத்துப் பேரில் ஏழு பேர் ஆண்கள்! இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்கு.

மழையை நம்பிய பிழைப்பு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் நெல், கரும்பு, மணிலா பயிர் செய்கிறார்கள். மரக்காணத்தில் உப்பளம் உண்டு. மீன்பிடித் தொழில் உண்டு. வேலை இல்லாத காலத்தில் பலர் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். மழை பொய்த்தாலும் கஷ்டம். மழை மிஞ்சினாலும் கஷ்டம்.

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வயல்கள் மூழ்கின. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. பயிருக்கும் ஆடு மாடுகளுக்கும் கணக்கு எடுத்தார்கள்.

பயிரை இழந்தவனின் மனத்துக்கு யார் கணக்கு எடுப்பது?

குடி மருந்தா?

சொல்ல முடியாத கவலைக்குப் பல ஆண்கள் தேடுகிற மருந்து, குடி. குடித்தவுடன் கவலை மறந்தது போல் இருக்கும். பிறகு தூக்கம் கெடும். கூலி கரையும். வீட்டில் சண்டை வரும். கவலை இரண்டு மடங்காகும். மறுநாள் மறுபடியும் குடி!

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில் நடந்ததை மறக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களை முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள்.

சாராயம் விற்றவர்களைப் போலீசார் கைது செய்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. இரண்டும் தேவைதான். ஆனால் குடித்தவன் எதனால் குடித்தான் என்று முன்பே கேட்டிருக்க வேண்டாமா?

மஞ்சக்குடி காட்டிய வழி

கேட்ட ஊர் ஒன்று உண்டு. அது திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி.

சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். மற்றப் பெண்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று 1980-ல் அவர் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1980-களின் கடைசியில் அந்த நிறுவனம் மஞ்சக்குடிக்கே போய் முகாம் போட்டது. 15 நாள் முகாம். இடமும் சாப்பாடும் உள்ளூரிலேயே ஏற்பாடு ஆயின. மனைவிமாரையும் அழைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள்.

இதில் என்ன லாபம்? தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் செலவு வேண்டும், கூலி போகும், "பைத்தியம்" என்று பேசுவார்களோ என்ற வெட்கமும் சேரும். ஊரிலேயே நாலு பேர் சேர்ந்து சிகிச்சை பெற்றால் அந்த வெட்கம் குறைகிறது. திரும்பவும் தவறி விடாமல் பார்த்துக்கொள்ளவும் அண்டை அயலார் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே மனநல டாக்டர்கள் மிகக் குறைவு. டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சு போட்டு, கவலையோடு வருகிறவர்களின் பேச்சைப் பாட்டிமார் கேட்டார்கள். பலருடைய மனச்சோர்வு குறைந்தது.

நம் ஊரில் புதிதாகப் பெஞ்சு போட வேண்டியதில்லை. திண்ணை இருக்கிறது. டீக்கடை இருக்கிறது. முடிதிருத்தும் கடை இருக்கிறது. அங்கே அரசியல் பேசுகிறவர், "மனசு சரியில்லை" என்று ஒரு வார்த்தை பேசலாம். கேட்பவர் சிரிக்காமல் இருந்தால் போதும்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம், யாரோடும் பேச்சு இல்லை, குடி திடீரென்று கூடுகிறது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

"நான் செத்தால் நல்லது" என்று ஒருவர் சொன்னால், விளையாட்டு என்று விடாதீர்கள். அன்றே, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை வீட்டில் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.

போலீஸ் கேசு வருமோ என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய சட்டப்பிரிவு 2024 ஜூலை 1-ந் தேதியோடு போய்விட்டது. சிகிச்சை தருவதே இன்றைய சட்டத்தின் நோக்கம்.

14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பகலிலும் போன் செய்யலாம். காசு இல்லை. தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம்.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. மனம் நொந்தாலும் அப்படியே போகலாம். ஆண் பிள்ளையும் அழலாம்!