வாய்க்குள் அடங்கிய இழை

தறிச்சத்தம் ஓயாத தேவிகாபுரத்துத் தெருவில், எடைபோட்டு வாங்கிய பட்டும் ஜரிகையும் எடைபோட்டே புடவையாய்த் திரும்பவேண்டிய இத்தொழிலின் நியமத்தை எண்ணியபடி நடக்கையில், பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ திரைப்படம் நினைவுக்கு வந்தது. மகளைப் பட்டுடுத்தியே தாரைவார்ப்பதாய்ச் சங்கற்பம் செய்துகொண்ட நெசவாளி வேங்கடம், வேலைசெய்யும் இடத்திலிருந்து சிறிது சிறிதாய்ப் பட்டிழையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, காவலைக் கடந்து, பேச்சற்ற வாயோடு வீடு சேர்ந்து, அவளுக்கான புடவையை ரகசியமாய் நெய்கிறான். திருட்டுத்தான், ஆயினும் அவனைத் துஷ்டனென்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. 2004-இல் ‘கில்லி’ படத்தில் வில்லன் முத்துப்பாண்டியாய் வந்து மிரட்டிய அதே பிரகாஷ்ராஜ்தான் வேங்கடமாக நடித்துத் தேசிய விருதும் பெற்றார். எவன் வீட்டுத் திண்ணையில் நம்மை உட்காரவைத்துக் கதை சொல்லப்படுகிறதோ, அவனுடைய பாவம் நமக்குப் பாதியாய்க் குறைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால், கூலிக்காகத் தானே முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தை, புடவைக்கு இழை போதவில்லையென்று வேங்கடமே முடித்துவைக்க முனையும் இடத்தில் மனம் துணுக்குறுகிறது. பட்டினியோடு தறியை நிறுத்திவைத்திருந்த அண்டைவீட்டுக்காரனின் திண்ணைக்கு அந்தப் படம் நம்மை அழைத்துப்போகவில்லை.